ஓய்வு என்றொரு கட்டம்

கந்தப்பளைச் சந்தியில், உரக்கடைக்கு மேல்மாடியில்,
தகரக் கூரை போட்ட கந்தோரில்
பதினொரு சாரதிமாரின் தூக்கத்தை
நான்தான் எழுதுகிறேன்.

ரன்னிங் சார்ட் என்று பெயர்.
புறப்பட்ட நேரம், மீட்டர், சேர்ந்த நேரம், டீசல்,
கடைசியில் ஓய்வு என்றொரு கட்டம்.
அதை மட்டும் வெறுமையாக விட்டுக் கொண்டுவருவார்கள்.
பொய்யைத் தங்கள் கையால் எழுத
வெட்கமாயிருக்கிறதோ என்னவோ.
எனக்கு மாதச் சம்பளம். வெட்கம் கட்டாது.
எட்டு மணித்தியாலம். எட்டு மணித்தியாலம்.
ஞாயிறு வந்தால் சிவப்புப் பேனையில்: விடுமுறை.

திலகேஸ்வரனின் ஞாயிறு எனக்குத் தெரியும்.
பின்னேரம் மூன்றுக்குக் கோவா ஏறும், லீக்ஸ் ஏறும்,
கழுவின கரட் ஈரத்தோடு ஏறும்.
ஐந்தரைக்குப் படங்கை இழுத்துக் கட்டி
இறம்பொடை வளைவுகளில் இறங்கி
புசல்லாவையில் நின்றபடி ஒரு பிளேன்டீ,
கடுகண்ணாவையில் பிரேக் ஆற ஐந்து நிமிஷம்,
நடுச்சாமத்தில் பேலியகொடை.
மூட்டை இறங்கும்வரை ஸ்டியரிங்கில் நெற்றி.
பிறகு அதே மலை, மேல்நோக்கி.

பாரத்தோடு இறங்கும்போது தூக்கம் வராது, மிஸ்,
உயிர் காலடியில பிரேக்கில இருக்கும்.
வெறும் லொறி ஏறும்போதுதான் பயம்.
பாரமில்லாத வண்டி தாலாட்டும்.
இதை ஒருநாள்
சம்பள முற்பணம் கேட்க வந்த இடத்தில் சொன்னான்.

சொல்லாவிட்டாலும் எழுத்தில் தெரியும்.
திங்களில் அவனுடைய ஏழு நிமிர்ந்து நிற்கும்.
வியாழனுக்குச் சாய்ந்து பக்கத்து ஒன்றில் தோள் வைக்கும்.
ஒரு வெள்ளிக்கிழமை,
சேர்ந்த நேரத்தில் தொடங்கின கோடு
கட்டத்தை உடைத்துக்கொண்டு கீழிறங்கி
சனிக்கிழமைக்குள் போய் முடிந்திருந்தது.
பேனை பிடித்தபடியே கண்ணசந்திருக்கிறான்.
நல்லவேளை பேனைதான் என்று
டிபெக்ஸ் பூசினேன்.

தொழில் கந்தோரிலிருந்து ஐயா ஒருவர் வந்தார்.
கோப்பைப் புரட்டினார்.
பதினொரு பேரும் எப்படி ஒரே கையில்
தூங்குகிறார்கள் என்று கேட்கவில்லை.
வடிவான எழுத்து என்றார்.
கிறீம் கிறேக்கர் இரண்டு சாப்பிட்டார்.

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள் மலை இறங்கியது.
இறம்பொடைக்கு மேலே, தேயிலையும் கல்லுமாக,
பாதையைக் குறுக்கே மூடிப் படுத்தது.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
நாற்பது லொறி வரிசையில் நிற்குதாம்.
முதலாளி என் மேசைக்கு முன்னால்
கரட்டின் விலையைக் கிலோவாரியாகக் கத்திக்கொண்டிருந்தார்.
எடு அவனுக்கு, எடு.

எடுத்தேன்.
கிளீனர் பொடியன் டிலுக்ஷன்தான் பேசினான், குசுகுசுவென்று:
அண்ணன் தூங்குறாரு அக்கா. எழுப்பவா?
பின்னால் படங்கில் மழை கொட்டுவது கேட்டது.
அதற்கும் பின்னால், சீராக, ஒரு குறட்டை.
எல்லா லொறியிலயும் அப்படித்தான் அக்கா.
ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கல.

நான் போனைக் காதில் வைத்தபடி
அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்டேன்.
என்னவாம் என்றார் முதலாளி.
லைன் கிடைக்கல சேர் என்றேன்.

அந்த நாளுக்கு மட்டும் உண்மை எழுதினேன்.
ஓய்வு: பதினாறு மணித்தியாலம்.
அனுமதித்தவர் என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
மலை என்று எழுதினேன்.

பாதை திறந்த மறுநாள் வந்தான்.
கண்ணுக்கடியில் கறுப்பு குறைந்திருந்தது.
சார்ட்டை வாசித்தான். சிரிக்கவில்லை.
ஒரு ட்ரிப் காசு போச்சு என்றான்.
கையெழுத்து வைத்து, திகதி போட்டான்.
ஏழு நிமிர்ந்து நின்றது.

சாவியை எடுத்துக்கொண்டு படியில் பாதி இறங்கியவன்
திரும்பி, ரேடியோப் பக்கம் கையைக் காட்டி,
மழை இன்னும் இருக்காமா மிஸ் என்றான்.
பயந்து கேட்டானா, ஆசைப்பட்டுக் கேட்டானா,
அதற்கு என்னிடம் கட்டமில்லை.